ஆர் ஏறிவிட்டது, பேக்கேஜ்தான் ஏற மாட்டேன் என்கிறது. திங்கள்கிழமை லேப் தேர்வு, யாராவது உதவுங்கள்

மேலூர்ப்பெண் | வியாழன், இரவு 10.40

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. புள்ளியியல் முதல் செமஸ்டர் படிக்கிறேன். பி.எஸ்சி. வரைக்கும் சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு எல்லாமே கையால் போட்டுத்தான் பழக்கம். இந்த செமஸ்டரில் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஒரு லேப் பேப்பர் இருக்கிறது. லேப்பில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர்தான், பக்கத்தில் இருப்பவள் வேகமாகத் தட்டிவிடுவாள், நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். வீட்டில் தனியாகப் போட்டுப் பார்த்தால்தான் கை பழகும் என்று அண்ணனுடைய லேப்டாப்பை வாங்கி வைத்திருக்கிறேன். பிளஸ் டூ முடித்தபோது அவனுக்கு அரசு கொடுத்தது, 4 ஜிபி ரேம், இப்போது விண்டோஸ் 10 இருக்கிறது.

வகுப்புத் தோழி பென்டிரைவில் ஆர் கொடுத்தாள், அது பிரச்சினை இல்லாமல் ஏறிவிட்டது. ஆரில் தட்டி வேலை செய்கிற ஜன்னலான ஆர்ஸ்டுடியோவை மட்டும் நெட்டில் இறக்கினேன், அதுவும் திறக்கிறது. அப்புறம்தான் தலைவலி. நோட்ஸில் முதல் வரியே, ஆரோடு கூடுதலாகச் சேர்க்கிற டைடிவெர்ஸ் என்ற பேக்கேஜை இன்ஸ்டால் செய்யவும் என்பது. கொடுத்தவுடன் ஒரு கேள்வி வந்தது, சில பேக்கேஜின் புதிய பதிப்பு சோர்ஸாகத்தான் இருக்கிறது, கம்பைல் செய்யவா என்று. புதியதுதானே நல்லது என்று யெஸ் கொடுத்தேன். அரை மணி நேரம் சிவப்பு எழுத்தாக ஓடிவிட்டுக் கடைசியில் நான்-ஸீரோ எக்ஸிட் ஸ்டேட்டஸ் என்று நின்றது. நடுவில் ஆர்டூல்ஸ் வேண்டும் என்று ஒரு வரி. சரி என்று இருப்பதிலேயே புதிய ஆர்டூல்ஸைப் போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கினேன், அன்றைய டேட்டா அதிலேயே முடிந்துவிட்டது. மறுநாள் மறுபடி முயற்சி செய்தால் அதே செய்தி. மூன்றாவது தடவை வேறு மாதிரி, டெம்பரரி இன்ஸ்டலேஷனை நகர்த்த முடியவில்லை என்று.

இது போதாது என்று, சார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வரிகளை அப்படியே காப்பி செய்து ஒட்டினால் அன்எக்ஸ்பெக்டட் இன்புட் என்கிறது. எக்செல் கோப்பை சிஎஸ்வியாக மாற்றி டெஸ்க்டாப்பில் வைத்திருக்கிறேன், கண் முன்னால் இருக்கிறது, ஆனால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது. ஒரு தடவை எப்படியோ படித்தது, அப்போது ஊர்ப் பெயர் எல்லாம் யூ பிளஸ் 0பி95 என்று என்னென்னவோ குறிகளாக வந்தது. எங்கள் பக்கத்தில் பதினாலு ஊர்களில் கிணற்று நீர்மட்டத்தை நானே போய்க் கேட்டு எழுதிய டேட்டா அது, ஊர்ப் பெயர்களைத் தமிழில்தான் அடித்திருக்கிறேன்.

போனில் தமிழில் தட்டுகிறேன், அதனால் கமாண்டுகளைக் காதில் விழுகிற மாதிரியே எழுதியிருக்கிறேன், மன்னிக்கவும். லேப்டாப் பழசாக இருப்பதால்தான் இப்படியா? வேறு லேப்டாப் இல்லாமல் இந்தப் பேப்பரை எழுதவே முடியாதா? மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.


வைகைக்கரை | வியாழன், இரவு 11.25

தங்கச்சி, முதலில் ஒன்று. லேப்டாப் மேல் தப்பு இல்லை, உங்கள் மேலும் தப்பு இல்லை. நீங்கள் தனித்தனியாகச் சொல்கிற பிரச்சினைகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பென்டிரைவ்.

ஆர்ஸ்டுடியோவைத் திறந்ததும் இடப்பக்கம் கன்சோலில் முதல் வரியில் ஆர் வெர்ஷன் என்று ஒரு எண்ணும், பக்கத்தில் ஒரு தேதியும், மேற்கோளுக்குள் ஒரு விளையாட்டுப் பெயரும் இருக்கும். அதை அப்படியே இங்கே எழுதுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் போய் 64 பிட்டா 32 பிட்டா என்று பாருங்கள். அது தெரிந்தால் மிச்சத்தைச் சொல்கிறேன். இன்றைக்கு இனிமேல் எதையும் இறக்க வேண்டாம், டேட்டாவை வைத்திருங்கள்.


மேலூர்ப்பெண் | வியாழன், இரவு 11.41

அண்ணா, 4.1.0 என்று இருக்கிறது. தேதி 2021 மே 18. பெயர் கேம்ப் பான்டனேசன். விண்டோஸ் 64 பிட்தான்.


வைகைக்கரை | வெள்ளி, நள்ளிரவு 12.20

நினைத்தது சரி. இதை நிதானமாகப் படியுங்கள், காரணம் புரிந்துவிட்டால் அடுத்த தடவை நீங்களே சரிசெய்துகொள்வீர்கள்.

ஆர் பேக்கேஜ்கள் கிரான் என்ற தளத்தில் இருக்கின்றன, இருபதாயிரத்துக்கும் மேல். விண்டோஸ்காரர்களுக்கு அங்கே ஒவ்வொரு பேக்கேஜையும் சமைத்தே வைத்திருப்பார்கள், அதற்குப் பைனரி என்று பெயர். இறக்கினால் அப்படியே உட்கார்ந்துவிடும், கம்பைலர் எதுவும் வேண்டாம். ஆனால் எல்லா ஆர் பதிப்புக்கும் காலம் முழுக்கச் சமைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். இப்போதைய பதிப்பு, அதற்கு முந்தைய வரிசை, வரப்போகிற பதிப்பு, இவ்வளவுதான். வருடத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் ஏப்ரலில், புது வரிசை வரும், 4.1 போய் 4.2, அப்புறம் 4.3 என்று. உங்கள் 4.1.0-க்கான பைனரிகள் ஒரு கட்டத்தில் அப்படியே நின்றுவிட்டன. பேக்கேஜ்களின் சோர்ஸ் மட்டும் புதிதாகிக்கொண்டே போகிறது. அதனால்தான் சோர்ஸ் புதியது, கம்பைல் செய்யவா என்று அந்தக் கேள்வி. யெஸ் கொடுத்தால் அரிசி பருப்பைக் கொடுத்து நீயே சமைத்துக்கொள் என்று அர்த்தம், அடுப்புக்குத்தான் ஆர்டூல்ஸ் கேட்டது. அந்த அடுப்பும் ஆர் பதிப்புக்குத் தக்கபடி வேறு வேறு. 4.0, 4.1 வரிசைகளுக்கு ஆர்டூல்ஸ் 40, 4.3-க்கு 43, 4.4-க்கு 44. நீங்கள் இறக்கியது புதியது, உங்கள் பழைய ஆர் அதைத் தேடுவதே இல்லை. அந்த டேட்டா வீணாய்ப்போனது இதனால்தான்.

ஊர்ப் பெயர் குறிகளாக வருவதற்கும் இதே காரணம்தான். 2022 ஏப்ரலில் வந்த 4.2.0 முதல்தான் விண்டோஸில் ஆர் யூடிஎஃப்-8 எழுத்துமுறையைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது. அதற்கு முன்னால் விண்டோஸில் தமிழ் எழுத்தை வைத்து வேலை செய்த எல்லாருக்குமே அந்த யூ பிளஸ் குறிகள் பழக்கம், நான் எம்.பில். செய்தபோது ஊர்ப் பெயருக்குப் பதில் எண் போட்டுத்தான் முடித்தேன். 4.2 போனால் உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, விண்டோஸ் 10-இல் 1903 என்ற பதிப்போ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்டார்ட்டில் வின்வெர் என்று அடித்தால் அந்த எண் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. 4.1 வரைக்கும் ஆர் உங்கள் பேக்கேஜ்களை டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் வைக்கும். பல லேப்டாப்பில் அந்த ஃபோல்டர் தானாகவே ஆன்லைனில் பேக்கப் ஆகிக்கொண்டிருக்கும், ஆர் ஒரு கோப்பை நகர்த்தப் போகிற நேரத்தில் அது பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். 4.2 முதல் அந்த இடத்தையும் ஆப்டேட்டா என்ற ஃபோல்டருக்குள் மாற்றிவிட்டார்கள். டெம்பரரி இன்ஸ்டலேஷனை நகர்த்த முடியவில்லை என்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், ஆன்டிவைரஸ் கோப்பைத் திறந்து சோதித்துக்கொண்டிருப்பதும் காரணமாக இருக்கலாம். அது மறுபடி வந்தால் அதே கமாண்டை இன்னொரு தடவை கொடுங்கள், பெரும்பாலும் இரண்டாம் தடவை ஏறிவிடும். ஏறாவிட்டால் பேக்கேஜ் ஃபோல்டருக்குள் 00லாக் என்று தொடங்குகிற ஒரு ஃபோல்டர் மிஞ்சியிருக்கும், அதை அழித்துவிட்டுக் கொடுங்கள்.

காலையில் செய்ய வேண்டியது. கன்ட்ரோல் பேனலில் பழைய ஆரையும் அந்த ஆர்டூல்ஸையும் அன்இன்ஸ்டால் செய்யுங்கள், ஆர்ஸ்டுடியோ இருக்கட்டும். கிரான் தளத்துக்குப் போய் விண்டோஸ், பேஸ் என்று இரண்டு கிளிக், அங்கே முதலில் இருக்கிற புதிய பதிப்பை இறக்குங்கள். நூறு எம்பிக்குள்தான் வரும். அப்புறம் ஆர்ஸ்டுடியோவைத் திறந்தால் புது ஆரை அதுவே பிடித்துக்கொள்ளும். பழைய பேக்கேஜ்கள் புது வரிசைக்குக் கூட வராது, புதிதாகத்தான் ஏற்ற வேண்டும், உங்களுக்கு எதுவும் ஏறவே இல்லையே, அதனால் இழப்பு இல்லை. பேக்கேஜ் ஏற்றும்போது மிரர், அதாவது எந்த இடத்திலிருந்து இறக்க வேண்டும் என்று, கேட்டால் முதலில் இருக்கிற கிளவுட் என்பதையே எடுங்கள். லைப்ரரியில் எழுத அனுமதி இல்லை, பெர்சனல் லைப்ரரி உருவாக்கவா என்று கேட்டால் யெஸ். சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யவா என்று கேட்டால் நோ. இந்த இரண்டு கேள்விகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், ஒன்றுக்கு யெஸ், ஒன்றுக்கு நோ.

உங்கள் தோழியிடமும் சொல்லுங்கள். பென்டிரைவில் கைமாறுகிற அளவுக்கு இது காசு கொடுத்து வாங்குகிற மென்பொருள் என்று பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. நியூசிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு ஆசிரியர்கள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கியது, 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29-இல் வந்தது. அன்றும் இன்றும் எல்லாருக்கும் இலவசம், யாரும் எந்தச் சாவியும் கேட்க மாட்டார்கள்.


பழையபெட்டி | வெள்ளி, காலை 7.05

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது 32 பிட் விண்டோஸ் 7, அதுவும் அரசு லேப்டாப்தான். எனக்கும் 4.2 ஏறுமா?


வைகைக்கரை | வெள்ளி, காலை 7.30

ஏறாது. 4.2 முதல் 32 பிட்டை நிறுத்திவிட்டார்கள், உங்களுக்குக் கடைசிப் பதிப்பு 4.1.3. கிரானில் ப்ரீவியஸ் ரிலீஸஸ் பக்கத்தில் கிடைக்கும். ஆர்ஸ்டுடியோவுக்கு 1.1.463 தான் 32 பிட்டில் ஓடுகிற கடைசிப் பதிப்பு. என்னைக் கேட்டால் ஆர்ஸ்டுடியோவே வேண்டாம், ஆரோடு கூடவே வருகிற ஆர்குய் ஜன்னல் போதும், பழைய லேப்டாப்பில் அது பறக்கும். பேக்கேஜ் கட்டாயம் வேண்டும் என்றால் பிரவுசரில் ஓடுகிற வழிக்குப் போய்விடுங்கள், கூகுள் கோலாப் என்ற தளத்தில் ரன்டைமை, அதாவது ஓட்டுகிற மொழியை, ஆருக்கு மாற்ற முடியும்.


லேப்_மேடம் | வெள்ளி, காலை 8.50

மேலூர்ப்பெண், நான் ஒரு கல்லூரியில் பல வருடமாக இந்த லேப் எடுக்கிறேன். தம்பி சொன்னது முழுக்க சரி. நான் தேர்வை மனதில் வைத்துக் கொஞ்சம் சொல்கிறேன்ம்மா.

முதலாவது, திங்கள்கிழமைத் தேர்வுக்கு உனக்கு டைடிவெர்ஸ் வேண்டாம். முதல் செமஸ்டர் லேப்பில் கேட்பதெல்லாம் சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம், ஹிஸ்டோகிராம், பாக்ஸ் பிளாட், ஒட்டுறவு, தொடர்புப் போக்கு, டி சோதனை, கை வர்க்கச் (கை ஸ்கொயர்) சோதனை. இவ்வளவும் ஆருக்குள்ளேயே இருக்கிறது, ஒரு பேக்கேஜும் தேவையில்லை. நோட்ஸில் முதல் வரியில் இருக்கிறது என்பதற்காக அதிலேயே மூன்று நாளைக் கழித்துவிட்டாய், ஒவ்வொரு வருடமும் நாலைந்து பிள்ளைகளுக்கு இப்படித்தான் ஆகிறது, எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆரை ஏற்றியதும் முதலில் ஆரை மட்டும் சோதித்துப் பார், பேக்கேஜ் பக்கம் அப்புறம் போகலாம்.

எப்படிச் சோதிப்பது? ஆரோடு சில டேட்டா கூடவே வரும். விமன் என்று சின்ன எழுத்தில் தட்டி என்டர் கொடு, பதினைந்து பெண்களின் உயரமும் எடையும் வரும், உயரம் அங்குலத்தில், எடை பவுண்டில். உயரத்தின் சராசரி சரியாக 65. அப்புறம் தொடர்புப் போக்குக் கோடு போட்டுப் பார். எல்எம், அடைப்புக்குறி, வெயிட், டில்டே, ஹைட், கமா, டேட்டா ஈக்வல்ஸ் விமன், அடைப்புக்குறி முடிவு. டில்டே என்கிற அந்த நெளிக்கோடு எஸ்கேப்புக்குக் கீழே, 1-க்கு இடப்பக்கம், ஷிஃப்டோடு அழுத்த வேண்டும், அதைத் தேடியே லேப்பில் ஐந்து நிமிடம் போகிற பிள்ளைகள் உண்டு. சரிவு 3.45, வெட்டுத்துண்டு மைனஸ் 87.52 என்று வந்தால் உன் ஆர் நன்றாக இருக்கிறது. பதினைந்தே வரிசைதான், ரெக்கார்டு நோட்டில் கையாலும் போட்டுப் பார், அதே 3.45 வரும். வந்ததும் உனக்கே ஒரு தைரியம் வரும்.

அன்எக்ஸ்பெக்டட் இன்புட் வருவது வாட்ஸ்அப்பிலிருந்தும் வேர்டிலிருந்தும் காப்பி செய்வதால். வேர்டில் அடிக்கும்போது மேற்கோள் குறி தானாகவே வளைந்துவிடும், தொடக்கத்துக்கு ஒரு வளைவு, முடிவுக்கு ஒரு வளைவு. ஆருக்கு வளைவு தெரியாது, கீபோர்டில் இருக்கிற நேரான குறிதான் தெரியும். மைனஸும் சில நேரம் நீளக் கோடாக மாறியிருக்கும். ஒட்டியபின் மேற்கோள்களை அழித்துவிட்டு ஆர்ஸ்டுடியோவுக்குள்ளேயே மறுபடி தட்டு. என் பிள்ளைகளுக்கு நான் காப்பி செய்யவே விடுவதில்லை, ஒவ்வொரு வரியையும் கையால் தட்டச் சொல்வேன், மூன்று நாள் மெதுவாகத்தான் போகும், நாலாம் நாள் எந்தக் குறி எங்கே என்று விரலுக்குத் தெரிந்துவிடும்.

தட்டும்போது ஒன்று நடக்கும். என்டர் கொடுத்தால் விடை வராமல் வரியின் தொடக்கத்தில் கூட்டல் குறி வந்து நிற்கும், எத்தனை என்டர் கொடுத்தாலும் கூட்டல் குறியே வரும். ஏதோ ஒரு அடைப்புக்குறியோ மேற்கோளோ மூடாமல் இருக்கிறது, நீ முடிப்பாய் என்று ஆர் காத்துக்கொண்டிருக்கிறது. எஸ்கேப்பை அழுத்து, பழைய குறி திரும்ப வந்துவிடும். தேர்வில் இதைப் பார்த்து பயந்து கம்ப்யூட்டரையே ஆஃப் செய்து எழுதியதை எல்லாம் இழந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சிவப்பு எழுத்து என்றாலே பிழை என்று நினைக்காதே. பேக்கேஜ் ஏறும்போது வருகிற சாதாரணச் செய்தியும் சிவப்பில்தான் வரும். எரர் என்ற சொல்லில் தொடங்குகிற முதல் வரியைத் தேடு, அதுதான் பிரச்சினை, கீழே இருப்பதெல்லாம் அதன் விளைவு. வார்னிங் என்றால் பெரும்பாலும் வேலை முடிந்துவிட்டது என்றுதான் அர்த்தம், ஆனாலும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

கோப்பு இல்லை என்பதற்கு வருகிறேன். விண்டோஸ் கோப்பின் வாலை மறைத்து வைத்திருக்கும். நீ பெயர் மாற்றும்போது சிஎஸ்வி என்று கையால் அடித்திருந்தால் உண்மையில் அந்தக் கோப்புக்கு இரண்டு வால் இருக்கும், சிஎஸ்வி டாட் சிஎஸ்வி என்றோ சிஎஸ்வி டாட் டெக்ஸ்ட் என்றோ. எக்ஸ்ப்ளோரரில் வியூ போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்தால் தெரிந்துவிடும். அடுத்தது, விண்டோஸ் பாதையில் வருகிற பின்சாய்வுக்கோட்டை அப்படியே கொடுத்தால் ஆர் அதை வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளும், முன்சாய்வுக்கோடாக மாற்ற வேண்டும். இந்த இரண்டுமே வேண்டாம் என்றால் எளிய வழி, ஆர்ஸ்டுடியோவில் ஃபைல், நியூ ப்ராஜெக்ட் போய் ஒரு ஃபோல்டர் உருவாக்கி கோப்பை அதற்குள் போட்டுவிடு. அப்புறம் வெறும் கோப்புப் பெயரைக் கொடுத்தாலே படிக்கும்.

தமிழ்ப் பெயர்கள் இருப்பதால் எக்செல்லில் சேமிக்கும்போது சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்று தனியாக ஒரு வகை இருக்கும், அதைத்தான் எடுக்க வேண்டும். வெறும் சிஎஸ்வியைக் கொடுத்தால் எக்செல்லே தமிழைக் கேள்விக்குறியாக மாற்றிவிடும், அப்புறம் எந்த ஆராலும் மீட்க முடியாது. மூலக் கோப்பை அழித்துவிடாதே. படிக்கும்போது முதல் நெடுவரிசையின் பெயருக்கு முன்னால் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தால் ஃபைல் என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8-பாம் என்று கொடு, போய்விடும்.

சீனியர்களின் ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிறாயா? அப்படியானால் இதையும் தெரிந்துகொள். செட் சீட் கொடுத்து, அதாவது குலுக்கலுக்கு ஒரு தொடக்க எண் கொடுத்து, மாதிரி எடுக்கிற பயிற்சியில் உனக்கு வருகிற எண்களும் பழைய ரெக்கார்டில் இருக்கிற எண்களும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். 2019-இல் வந்த 3.6.0 பதிப்பில் சாம்பிள் கட்டளை எண்களைப் பொறுக்குகிற முறையைத் திருத்தினார்கள், பழையதில் மிகப் பெரிய தொகுதிகளிலிருந்து எடுக்கும்போது ஒரு சின்ன ஒருதலைச் சாய்வு இருந்தது. அதே சீட் எண், ஆனால் வேறு மாதிரி. உன் விடை தப்பில்லை, அடித்து எழுதாதே, எந்தப் பதிப்பில் செய்தாய் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடு. என் லேப்பில் நான் அதற்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.


பென்குயின்காரன் | வெள்ளி, மதியம் 1.15

விண்டோஸைத் தூக்கிவிட்டு உபுண்டு லினக்ஸ் போட்டுக்கொள்ளலாமே, 4 ஜிபி ரேமுக்கு அதுதான் சுகம். நான் நாலு வருடமாக அதில்தான் இருக்கிறேன். ஒன்று மட்டும் கவனம், உபுண்டு தருகிற ஆர் கொஞ்சம் பழையதாக இருக்கும், கிரானுடைய ரிப்போவைச் சேர்த்துக்கொண்டால் புதியது கிடைக்கும். பேக்கேஜ்கள் வழக்கமாகச் சோர்ஸிலிருந்துதான் ஏறும், டைடிவெர்ஸுக்கு முன்னால் கர்ல், எஸ்எஸ்எல், எக்ஸ்எம்எல் மூன்றுக்குமான டெவ் நூலகங்களை ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அரை மணி நேரம் ஓடிவிட்டு நிற்கும்.


லேப்_மேடம் | வெள்ளி, மதியம் 1.40

தம்பி, நீங்கள் சொல்வது விடுமுறையில் செய்ய வேண்டிய வேலை. மூன்று நாளில் தேர்வை வைத்துக்கொண்டு, அண்ணனுடைய லேப்டாப்பில், டேட்டா பேக்கை நம்பி, விண்டோஸை எடுக்கச் சொல்லாதீர்கள். அதில் அவனுடைய படங்கள், சான்றிதழ்கள் எல்லாம் இருக்கும். லேப்பிலும் விண்டோஸ்தான், பிள்ளை எங்கே தேர்வு எழுதுமோ அதே மாதிரி இடத்தில் பழகட்டும்.


பென்குயின்காரன் | வெள்ளி, மதியம் 2.05

சரி மேடம், அதை நான் யோசிக்கவில்லை. மேலூர்ப்பெண், இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள். எல்லாம் கைவிட்டால் பாஸிட் கிளவுட் இருக்கிறது, பிரவுசரிலேயே ஆர்ஸ்டுடியோ திறக்கும், இலவசக் கணக்கில் மாதத்துக்கு இத்தனை மணி நேரம் என்று வரம்பு உண்டு, தேர்வுக்குப் பழக அது போதும். ஆர்ஸ்டுடியோ நிறுவனம் 2022-இல் பெயரை பாஸிட் என்று மாற்றிக்கொண்டது, அதனால் ஆர்ஸ்டுடியோவைத் தேடி வேறு பெயரில் தளம் திறந்தால் பயப்பட வேண்டாம், அதுதான்.

4 ஜிபி போதுமா என்ற பயமும் வேண்டாம். ஆர் டேட்டா முழுவதையும் ரேமில் வைத்துத்தான் வேலை செய்யும், உண்மைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு எண்ணுக்கு 8 பைட். பத்து நெடுவரிசை, பத்து லட்சம் வரிசை இருந்தாலே 80 எம்பிதான் ஆகிறது. உங்களிடம் பதினாலு ஊர் இருக்கிறது.


மேலூர்ப்பெண் | சனி, இரவு 9.10

அண்ணா, மேடம், எல்லாருக்கும் நன்றி, எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. நேற்று மாலை பழையதை எடுத்துவிட்டுப் புது ஆரை ஏற்றினேன், இறக்கவும் ஏற்றவும் சேர்த்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை. விமன் டேட்டாவில் 3.45, மைனஸ் 87.52 அப்படியே வந்தது. கையாலும் போட்டேன், இரண்டு தடவை தப்பாகி மூன்றாவது தடவை 3.45 வந்தது, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கோப்புக்கு மேடம் சொன்ன மாதிரி இரண்டு வால் இருந்தது. ப்ராஜெக்ட் உருவாக்கி உள்ளே போட்டதும் படித்துவிட்டது. மேலூர், கருங்காலக்குடி, கொட்டாம்பட்டி எல்லாம் கன்சோலில் தமிழிலேயே வருகிறது. டைடிவெர்ஸும் இன்று காலை ஏறிவிட்டது, சோர்ஸ் கேள்விக்கு நோ கொடுத்தேன், சிவப்பு எழுத்து நிறைய வந்தது, எரர் என்று எங்கும் இல்லை, விட்டுவிட்டேன்.

ஒன்றே ஒன்று மிச்சம். நீர்மட்டத்துக்கு பார் பிளாட் போட்டால் கீழே ஊர்ப் பெயர்கள் சரியாக வரவில்லை. சிலது கட்டம் கட்டமாக, சிலது எழுத்து பிரிந்து. கொட்டாம்பட்டியில் கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று கிடக்கிறது. இதை ரெக்கார்டில் ஒட்ட வேண்டும், இங்கிலீஷில் மாற்றிவிடட்டுமா?


வைகைக்கரை | சனி, இரவு 9.35

மாற்றாதீர்கள், இதற்கு வழி இருக்கிறது. தமிழில் கொம்பும் காலும் மெய்யோடு சேர்ந்து தன் இடத்தில் உட்கார வேண்டும், அந்த அடுக்குகிற வேலையைப் படம் வரைகிற எல்லாக் கருவியும் செய்யாது. ராக் என்று ஒரு பேக்கேஜ், ஆர் ஏ ஜி ஜி, அதைத் தனியாக ஏற்றுங்கள், அது செய்யும். அப்புறம் ஆர்ஸ்டுடியோவில் டூல்ஸ், குளோபல் ஆப்ஷன்ஸ், ஜெனரல், அதற்குள் கிராஃபிக்ஸ் என்ற தாவலில் பேக்எண்ட் என்று இருக்கும், அதை ஏஜிஜி என்று மாற்றி ஆர்ஸ்டுடியோவை மூடித் திறங்கள். எழுத்துருவுக்கு, படம் வரைவதற்கு முன்னால் பார் கட்டளையில் (பார் பிளாட் இல்லை, பி ஏ ஆர்) ஃபேமிலி ஈக்வல்ஸ் நிர்மலா யுஐ என்று கொடுங்கள், மேற்கோளுக்குள், நேரான மேற்கோள். விண்டோஸ் 10-இல் தமிழுக்கு அந்த எழுத்துரு ஏற்கனவே இருக்கிறது, எதையும் இறக்க வேண்டாம். பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் லாஸ் ஈக்வல்ஸ் 2 கொடுத்தால் நிமிர்ந்து நிற்கும், கீழே இடம் போதாவிட்டால் மார் என்பதில் முதல் எண்ணைப் பெரிதாக்குங்கள்.

கோப்பாகச் சேமிக்கும்போது பிஎன்ஜியாகவே சேமியுங்கள். சாதாரண பிடிஎஃப் கட்டளையில் தமிழ் வராது.


லேப்_மேடம் | சனி, இரவு 9.50

பிரின்ட் எடுக்கும்போது ரெசல்யூஷன் 300 கொடும்மா, இல்லாவிட்டால் ஊர்ப் பெயர் மங்கலாக விழும். அப்புறம் நாளைக்குப் புதிதாக எதையும் ஏற்றாதே, அப்டேட் செய்யவா என்று எது கேட்டாலும் வேண்டாம் என்று சொல். நாளை முழுக்க டி சோதனையும் கை வர்க்கமும் கையால் தட்டிப் பார்.


மேலூர்ப்பெண் | ஞாயிறு, காலை 11.20

வந்துவிட்டது! பதினாலு ஊரும் நிமிர்ந்து நிற்கிறது, கொட்டாம்பட்டிக்குக் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் இருக்கிறது. மேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் 300-இல் பிரின்ட் எடுத்தேன், ரெக்கார்டில் ஒட்டிவிட்டேன், கீழே ஆர் பதிப்பு எண்ணையும் எழுதிவிட்டேன். பென்டிரைவ் கொடுத்த தோழி மதியம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள், அவளுடையதும் 4.1.0 தானாம், முதலில் அவளுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து டி சோதனை போடப்போகிறோம்.